பாதியில் நிற்கும் மேடை

காகிதக் கட்டுகளை ஏற்றினால் மேடை கடைசிவரை ஏறியது. மகளை ஏற்றினால் பாதியில் நின்றது.

அச்சகக்காரருக்குத் தலை சுற்றியது. மகளும் சக்கர நாற்காலியும் சேர்ந்த எடையைவிடக் கட்டுகளின் எடை அதிகம். மோட்டாருக்குப் பலமில்லை என்று சொல்ல வழியில்லை.

அவர் விலைக்குப் பார்க்க வந்திருந்த பழைய வேனின் பின்கதவைத் திறந்தால் இந்த இரும்பு மேடை விரிந்து தரைக்கு இறங்கும். நாற்காலியை அதன்மேல் உருட்டிவிட்டுப் பொத்தானை அமுக்கிப் பிடித்தால், எண்ணெய் அழுத்தத்தில் வேனின் தளம்வரை ஏறும். இப்படி வேனை மாற்றிக்கொடுத்த கம்பெனியை மூடியாகிவிட்டது.

"கன்ட்ரோல் போர்டு போயிருக்கும்ண்ணே," என்றார் கூட வந்த மெக்கானிக். "வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா வண்டி விலையில பாதி ஆகும். அதுவும் வந்தா உண்டு. தெரிஞ்சே போய் மாட்டிக்காதீங்க."

விற்பவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எங்கப்பா வருஷக்கணக்கா இதுலதான் ஏறி இறங்குனாரு. ஒரு நாள் நிக்கல. வேணாம்னா விடுங்க, சாயங்காலம் வேற ஆள் வராங்க."

திங்கட்கிழமை மகள் வேலையில் சேர வேண்டும். இதுவரை அச்சகக்காரர்தான் அவளைத் தூக்கி ஆட்டோவில் உட்காரவைப்பார். இனி ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார், முதுகு அப்படி. விசாரித்த இடத்திலெல்லாம் இந்த மாதிரி வேன் இது ஒன்றுதான். வாங்கி நின்றுபோனால் கையிருப்பும் போச்சு, வேலையும் போச்சு. வாங்காவிட்டாலும் வேலை போச்சு.

"இன்னொரு தடவை பாத்துடலாம்," என்றார்.

"என்னை வச்சு எத்தனை தடவைப்பா எடை பாப்பீங்க?" என்றாள் மகள்.

"வக்கீலம்மா, கொஞ்சம் சும்மா இரு."

மேடை ஏறியது. வேனுக்குள் நின்ற மனைவி, மகள் பயந்துவிடக் கூடாதே என்று இந்தத் தடவையும் விளிம்புக்கு வந்து குனிந்து கை நீட்டினாள். மேடை நின்றது.

பொத்தானிலிருந்து விரலை எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. "முடிஞ்சுது. வீட்டுக்குப் போலாம்."

மகளின் கண்ணுக்கு நேரே அம்மாவின் பாதங்கள். அவள் அவற்றையே பார்த்தாள்.

"அம்மா, பின்னாடி போ."

"விழுந்துடப்போறடி!"

"போம்மா!"

அம்மா பின்வாங்கினாள். மேடை நகர்ந்தது.

"இப்ப முன்னாடி வா."

நின்றது.

மெக்கானிக் உள்ளே தாவி, விளிம்பில் கிடந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினார். அடியில் தட்டையாக ஒரு சுவிட்ச். மேடை ஏறும்போது விளிம்பில் நிற்பவர் தவறி விழலாம், கால் நசுங்கலாம். அதனால் விரிப்பை மிதித்ததும் மோட்டார் நின்றுவிடும். கூடவே கத்த வேண்டிய அலாரத்தின் வயர் அறுந்து தொங்கியது.

"காதைக் குடையுதுன்னு அப்பாதான் பிடுங்கச் சொன்னாரு," என்றார் விற்பவர்.

"அவரை உள்ள நின்னு யாரு பிடிப்பாங்க?" என்று கேட்டாள் மகள்.

"யாரும் இல்லை. நான் கீழ நின்னு பட்டனை அமுக்குவேன்."

"போர்டு நல்லாத்தான் இருக்கு. பின்னால ரிப்பேர் வந்தா மோட்டாரு, ஆயில் ஹோஸ் பைப்பு எல்லாம் நம்ம பட்டறையிலயே பாத்துக்கலாம்ண்ணே," என்றார் மெக்கானிக், யார் முகத்தையும் பார்க்காமல்.

"மிச்சமான அந்தப் போர்டு விலையை என் கையில குடுத்துடுங்கப்பா," என்றாள் மகள்.

மேடை தளத்தோடு சேரும்வரை ரப்பர் விரிப்பில் யாரும் கால் வைக்கக் கூடாது, அவ்வளவுதான். மனைவி விரிப்புக்குப் பின்னால் நின்றே கை நீட்டினாள். மேடை கடைசிவரை ஏறியது.