நாவலில் உள்ளபடி

பவுடர் போட்டுக்கொண்டிருந்த மேக்கப் அக்காதான் சொன்னாள்: "உன் வீட்டுக்காரர் வந்திருக்கார். மூணாவது வரிசை."

அவள் சட்டென்று திரும்பியதில் பவுடர் காதில் அப்பிக்கொண்டது.

பள்ளிக்கூட டீச்சரான அவளை நாடகத்தில் நடிக்க அவர் விட்டதே பெரிய விஷயம். நாடகத்துக்கு மூலமான அந்தப் பழைய நாவலை அவர் படித்ததில்லை. அதை வைத்து எடுத்த படத்தைத்தான் அலுக்காமல் பார்ப்பார். படத்தில், புருஷன் மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டும், "நானே வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லி அந்தப் பெண் குடும்ப மானத்தைக் காப்பாற்றுவாள். "பொம்பளைன்னா அப்படி இருக்கணும். நல்ல வேஷம், போய் நடி" என்றார். நாவலில் அவள் போலீஸிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். நாடகமும் அப்படித்தான். அதை அவரிடம் சொல்ல இவளுக்கு நா எழவே இல்லை. எங்கே வரப்போகிறார் என்று இருந்துவிட்டாள்.

"அக்கா, இன்னிக்கு மட்டும் படத்துல வர்ற மாதிரியே சொல்லிடட்டுமா?"

அக்கா அவள் முழங்கைக்கு மேலே கன்றிப்போயிருந்த இடத்தில் இன்னொரு பூச்சு பூசினாள். "எதைச் சொன்னாலும் சரி, நான் இங்கதான் இருப்பேன்."

கடைசிக் காட்சி. இன்ஸ்பெக்டர் வேஷம் போட்ட கரண்ட் ஆபீஸ் குமாஸ்தா குனிந்து கேட்டார்: "யாரும்மா தள்ளினது?"

விளக்குகளுக்கு அப்பால் ஒரே இருட்டு. அந்த இருட்டுக்குள் அவர் செருமினார். வீட்டில் கதவைத் தாழிடுவதற்கு முன் செருமுகிற அதே செருமல். அவளுக்கு வசனம் மறந்துபோனது. நாவல் வசனம், பட வசனம் இரண்டும்தான். குமாஸ்தா திருதிருவென்று விழித்தார். பிறகு, வசனத்தில் இல்லாததைச் சொந்தமாகவே சொன்னார்: "பயப்படாதீங்கம்மா, சொல்லுங்க."

"இவர்தான்."

கை மேடைப் புருஷனை நோக்கித்தான் நீண்டது. கண் மட்டும் இருட்டைவிட்டு நகரவில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி 'டப்'பென்று மடங்கியது. கைதட்டல் எதுவும் அவள் காதில் விழவில்லை.

மேக்கப் அறைக்குள் வந்து உட்காரக்கூட இல்லை, கதவு தட்டப்பட்டது.

"நேரமாச்சு. வா, வீட்டுக்குப் போலாம்." குரல் அவ்வளவு சாந்தமாக இருந்தது. அந்தச் சாந்தம் எதில் போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும்.

"அவ வரல. இன்னிக்கு என்கூடத்தான் இருப்பா" என்றாள் அக்கா, கதவைப் பார்த்து.

தாழ்ப்பாள் சின்னது, ஆணி வேறு ஆடிக்கொண்டிருந்தது. மூலையில் உட்கார்ந்து மீசையைப் பிய்த்துக்கொண்டிருந்த குமாஸ்தா எழுந்துபோய்க் கதவில் முதுகைச் சாய்த்து நின்றார். தலையில் போலீஸ் தொப்பி. ஒட்டுமீசை ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. அவர் இடுப்புக்குப் பக்கத்தில் கைப்பிடி மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.