மரியாதைக்கு மூன்று அழுத்து

பல்கலைக்கழகத்தில் எங்கள் துணியைச் சோதித்த அந்த அறைக்குக் கதவு இரண்டா, மூன்றா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அத்தானைக் கேட்டால் ஐந்து என்பார். அவர் எதையும் கூட்டித்தான் சொல்வார். உள்ளே இருந்த அமைதி மட்டும் மறக்கவில்லை.

எங்களுடையது ஃபெல்ட் பட்டறை. கம்பளி ரோமத்தைச் சோப்பு கலந்த வெந்நீரில் நனைத்து, உருளையில் அழுத்தி, நெய்யாமலே துணியாக்குவோம். அக்கா நடத்தினாள், அவள் கணவரான அத்தானும் நானும் அவள் சொன்னதைச் செய்தோம். மருத்துவமனைகளில் இயந்திர இரைச்சலைக் குறைக்கும் அரசுத் திட்டம் ஒன்றில் பல்கலைக்கழகம் எங்களைச் சேர்த்திருந்தது. நூறு பங்கு ஓசையில் எழுபதை எங்கள் துணி விழுங்க வேண்டும். இல்லையென்றால் மாதக் கடைசியில் பட்டறையை மூடுவதென்று அக்கா முடிவு செய்திருந்தாள்.

அந்த அறையின் சுவர், கூரை எல்லாம் கூரான பஞ்சுக் கட்டிகள். கம்பி வலைமேல் நின்றோம். அதற்குக் கீழேயும் பஞ்சு. சோதனையை நடத்திய பேராசிரியை கதவைச் சாத்தியதும் என் காதுக்குள் மெல்லிய இரைச்சல் கேட்டது.

"என்ன மேடம் சத்தம் அது?"

"உங்க ரத்தம் ஓடுற சத்தம்தான்."

அத்தான் தன் காதைப் பொத்திப் பார்த்தார்.

துணியைத் தொங்கவிட்டு, வெளியே வந்து கணினியைப் பார்த்தோம். நாற்பத்தொன்று. அங்கே காத்திருந்த, திட்டத்துக்கான அரசு அதிகாரி கோப்பை மூடினார். "வருத்தமா இருக்குங்க," என்றார்.

பேராசிரியை துணியைத் தடவிப் பார்த்தார். "பட்டறையில நான் தொட்டது மெத்துன்னு இருந்துச்சே. இது பலகை மாதிரி இருக்கு?"

"அது சாதாத் துணிங்க," என்றாள் அக்கா. "நல்ல வாடிக்கைக்கு, அவங்க கேக்காமலே ஒரு அழுத்து கூடப் போடுவோம், மரியாதைக்கு. இது பெரிய இடமாச்சேன்னு மூணு போட்டேன்."

"இன்னொண்ணு போட்டிருந்தா கதவாவே மாட்டியிருக்கலாம்," என்றார் அத்தான்.

"நீங்க சும்மா இருங்க."

"சாதாத் துணி ஏதாவது கையில இருக்கா?" என்றார் பேராசிரியை.

அக்கா தயங்கினாள். "இதைச் சுத்திக் கொண்டுவந்த துணி சாதாதான். நாலு பேர் முன்னாடி காட்டுற சரக்கு இல்ல." தலை நிமிராமல் அதை எடுத்துப்போய் அவளே மாட்டினாள்.

இம்முறை நான் உள்ளேயே நின்றேன். ஒலிபெருக்கி கூவியது. ஓசை அந்தத் துணிவரை போனது போலவும், அங்கிருந்து இன்னும் உள்ளே, உள்ளே போய்க்கொண்டே இருப்பது போலவும் தோன்றியது. விரலளவு தடிமன்தான். முப்பது வருடம் என் கையால் உருட்டிய துணி. அதற்குள் இவ்வளவு தூரம் இருக்கிறதென்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

வெளியே வந்தேன். கணினியில் எண்பத்துமூன்று.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். பிறகு கோப்பைத் திறந்தார்.

எங்கள் துணி இப்போது பதினொரு மருத்துவமனைகளில் இருக்கிறது. அதிகாரி மாற்றலாகிப் போனார். பேராசிரியை ஓய்வு பெற்றுவிட்டார். அத்தானுக்குக் காது மந்தம், பேச்சு குறையவில்லை. அக்கா போன வருடம் இறந்தாள். பட்டறையை அவள் மகள் நடத்துகிறாள். நான் உருளையைப் பார்த்துக்கொள்கிறேன்.