மொறிஸ் மைனரின் நீலப் புகை

கிருசாந்தனுக்கு இரண்டு கால்களும் முழங்காலுக்கு மேலேயே இல்லை. இறுதிச் சண்டையில் போனவை. போனது போகட்டும் என்று அவன் எப்போதோ மனதைத் தேற்றிக்கொண்டான். தேற்ற முடியாமல் போனது பஸ் ஏறும் விசயம்தான். கொண்டக்டர் ஒரு பக்கம், முன்பின் தெரியாத யாரோ மறுபக்கம், கக்கத்துக்குள் கையைக் கொடுத்துத் தூக்கி ஏற்றுவார்கள். ஒருநாள் ஒருவன், "நெல்லு மூட்டையை விடப் பாரம் குறைவுதான்" என்று பகிடி விட்டான். பஸ்ஸே சிரித்தது. கிருசாந்தனும் சேர்ந்து சிரித்தான். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தப் பழைய மொறிஸ் மைனரை வாங்கினான். அவனுடைய ஊரான முள்ளியவளையில் கராஜ் வைத்திருக்கும் தவராசா அண்ணை பிரேக்குக்கும் கிளச்சுக்கும் அக்சிலேட்டருக்கும் கைப்பிடிகள் செய்து பூட்டிக்கொடுத்தார். ஆறு வருசம் அவன் ஒருவர் தயவும் இல்லாமல் புதுக்குடியிருப்பில் இருக்கும் தன் போன் திருத்தும் கடைக்குப் போய் வந்தான். சில்லுக் கதிரையை மடித்துப் பக்கத்து இருக்கையில் தானே இழுத்துப் போடுவான். கடை வாசலில் தானே இறக்குவான். அந்த ஆறு வருசமும் அவனைத் தொட்டுத் தூக்கியவர் என்று ஒருவரும் இல்லை.

போன தை மாதம் மொறிஸின் எஞ்சின் வெடித்துப்போனது. ஒட்டவும் முடியாது, அதே சாமான் வேறெங்கும் கிடைக்கவும் இல்லை. வேறு எஞ்சின் வைக்கலாம் என்றால், தவராசா அண்ணை அளந்து பார்த்ததெல்லாம் நீளமாய் இருந்தன. எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவிலுள்ள தகட்டை வெட்டினால் கைப்பிடிகள் பூட்டிய இடம் போய்விடும். கைப்பிடி இல்லாத கார் கிருசாந்தனுக்கு என்னத்துக்கு? புதுசாக ஒன்று வாங்குவதைப் பற்றி அவன் யோசிக்கவும் இல்லை. வாகனம் விற்கிற விலைக்கு அவனுடைய கடையையே விற்றாலும் டயர்தான் வாங்கலாம். திரும்பவும் பஸ். திரும்பவும் அந்தக் கைகள்.

ஐந்தாம் மாதம் கொழும்பில் பழைய வாகனம் உடைத்து விற்கும் ஒருவனிடம் அந்த எஞ்சின் அகப்பட்டது. ரோட்டரி எஞ்சின். பெரிய சோற்றுப் பானை அளவுதான் இருந்தது.

"பிஸ்டன் எங்க அண்ணை?" என்று கேட்டான் கிருசாந்தன்.

"பிஸ்டனே இல்லையடா தம்பி. உள்ளுக்க முக்கோணமா ஒரு சாமான் கிடந்து சுத்துது. எனக்கும் முழுசா விளங்கேல்லை. ஆனா இடத்துக்குள்ள இருக்குது, கைப்பிடி ஒண்டும் கழட்டத் தேவையில்லை."

கிளிநொச்சியில் தகடு கடைந்து, ஷாப்டை வெட்டி ஒட்டி, பதிவையும் மாற்றி முடிக்க ஆறு கிழமை பிடித்தது. சாவியைத் திருப்பியதும் அது தையல் மெசின்போல இரைந்துகொண்டு ஓடியது. கிருசாந்தன் ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்தான். தவராசா அண்ணை வேறெங்கோ பார்ப்பதுபோல நின்றார்.

ஓடியது சரி. ஆனால் பின்னால் நீலமாகப் புகைத்தது. கிளிநொச்சியில் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனபோது, குழாய்க்குள் கம்பியை விட்ட பெடியன் தலையை ஆட்டினான். "இது பாஸாகாது அண்ணா. திருத்திக்கொண்டு வாங்கோ." புகைச் சான்றிதழ் இல்லாவிட்டால் வரிப்பத்திரம் இல்லை. வரிப்பத்திரம் இல்லாவிட்டால் ரோட்டில் ஏறமுடியாது. பழைய பத்திரம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அன்று ஞாயிறு.

"எண்ணெய் எரியுது" என்றார் வீட்டுக்கு வந்து பார்த்த தவராசா அண்ணை. எண்ணெய்ப் பம்பிலிருந்து இரண்டு மெல்லிய குழாய்கள் நேரே பெற்றோல் போகிற வழிக்குள் இறங்கியிருந்ததைக் கண்டுபிடித்தார். "பாரன் கூத்தை! நல்ல எண்ணெயை எடுத்துத் தானே நெருப்புக்க ஊத்துது."

கிருசாந்தனின் மனைவி தயாளினி தேத்தண்ணியோடு நின்றாள். எஞ்சின் விற்றவனோடு போனில் கதைத்தது அவள்தான். "இஞ்சருங்கோ, அந்த ஆள் சொன்னவர் எல்லே? இது எண்ணெய் குடிக்கும், குடிக்க விடுங்கோ எண்டு."

"அவையளுக்குக் கொழும்பில எண்ணெய் தண்ணிமாதிரி" என்றார் தவராசா அண்ணை. "நாங்கள் சண்டைக்காலப் பொருளாதாரத் தடைக்குள்ள மண்ணெண்ணெயில கார் ஓடின ஆக்கள், பிள்ளை. ஒரே எண்ணெயைச் சீலையில வடிச்சு வடிச்சு மூண்டு வருசம் பாவிச்சனாங்கள். எண்ணெய் எரிஞ்சா எஞ்சின் பழுது. இதை விட வேற படிப்பு இருக்கே?"

கிருசாந்தனும் அந்தத் தடைக்குள் வளர்ந்தவன்தான். அவனுடைய அப்பா கையில் பட்ட எண்ணெயைக்கூடப் போத்தல் வாயில் வழித்து விடுவார். எண்ணெய் வீணாகப் புகைவதைப் பார்க்க அவனுக்கு வயிறு எரிந்தது. வெள்ளிக்கிழமையை நினைக்க அது இன்னும் கூடியது. "அடையுங்கோ அண்ணை" என்றான்.

"திரும்ப ஒருக்கா அந்த ஆளிட்டக் கேப்பம்" என்றாள் தயாளினி.

"உனக்கென்ன, நீ நடந்து போய் பஸ் ஏறுவாய்" என்று கத்திவிட்டான். அவள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். தவராசா அண்ணை இரண்டு குழாய்களையும் நசுக்கி மடித்துக் கட்டினார்.

புகை நின்றது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் கடைக்கு ஓடினான். ஒரு துளிப் புகையில்லை. வியாழக்கிழமை கிளிநொச்சியில் அந்தப் பெடியனே ஆச்சரியப்பட்டு, "என்ன அண்ணா செய்தனீங்கள்?" என்று கேட்டான். சான்றிதழை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பரந்தன் தாண்டியதும் கிருசாந்தன் பாட்டுக்கூடப் படித்தான். சின்ன எஞ்சின் சும்மா பறந்தது. அறுபது, எழுபது, எண்பது. தயாளினியோடு கத்தியதற்கு ஏதும் வாங்கிக்கொண்டு போகவேண்டும் என்று நினைத்தான்.

உடையார்கட்டு தாண்டியதும் கார் இழுக்க மறுத்தது. அக்சிலேட்டரைக் கூட்டினான். உள்ளுக்குள் தகரம் கிழிபடுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு சத்தமே இல்லை. கார் தன்பாட்டில் உருண்டு வீதியோரம் நின்றது.

சாவியைத் திருப்பினான். எஞ்சின் லேசாகச் சுற்றியது, பிடிமானம் எதுவுமில்லாமல். திரும்பத் திரும்பத் திருப்பினான். அந்த இரண்டு குழாய்களும் எதற்கு என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அந்த முக்கோணத்தின் முனைகள் வழுக்கிச் சுற்றுவதற்கு அந்த எண்ணெய்தான் இருந்தது. அதைக் குடிக்கவிடாமல் செய்தது அவன்தான். யாரையும் ஏச வழியில்லை. வெயிலில் கார் அடுப்பாய்க் கொதித்தது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் குத்தினான், கை கன்றும்வரை.

பெட்டி பூட்டிய உழவு இயந்திரத்தில் வந்த ஒரு பெரியவர் நிறுத்தினார். கூட இரண்டு பேர் இருந்தார்கள். விசயத்தைக் கேட்டதும் ஒருவர் கதவைத் திறந்தார். "வாங்கோ தம்பி, தூக்கிப் பெட்டிக்குள்ள இருத்திவிடுறம். முள்ளியவளையால தான் போறம். காரைப் பிறகு எடுக்கலாம்."

"தொடாதேங்கோ!"

அந்த மனுசன் கையை இழுத்துக்கொண்டார். கிருசாந்தனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "குறை நினைக்காதேங்கோ ஐயா. கயிறு இருந்தா காரைக் கட்டி இழுங்கோ. இழுக்கேக்க ஆராவது உள்ள இருந்து ஸ்டியரிங் பிடிக்கவும் பிரேக் பிடிக்கவும் வேணும். இதுக்குப் பிரேக்கும் கையாலதான். என்னைத் தவிர ஒருத்தருக்கும் ஓடத் தெரியாது."

பெரியவர் கைப்பிடிகளைக் குனிந்து பார்த்தார். அவனையும் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்று கயிற்றை எடுத்துவந்தார்.

இரண்டு மணித்தியாலம், கயிறு தளராமலும் அறாமலும், செத்த காரை அவன்தான் ஓட்டிக்கொண்டு வந்தான். பள்ளங்களில் பிரேக் பிடித்தான். வளைவுகளில் ஸ்டியரிங்கை வெட்டினான். சந்தியில் தெரிந்தவர்கள் கை காட்டினார்கள், அவனும் கை காட்டினான். முற்றத்துக்குள் கார் வந்து நின்றபோது தயாளினி ஓடிவந்தாள்.

"பாஸே?"

"ஓம்." சான்றிதழை எடுத்து நீட்டினான். "ஒரு வருசத்துக்குச் செல்லும்."

அவள் கயிற்றைப் பார்த்தாள், எல்லாம் விளங்கிவிட்டது. அவள் இரண்டு ஏச்சு ஏசியிருந்தால் அவனுக்குத் தாங்கியிருக்கும். கதிரையை இழுத்து விரித்து, தானே மாறி இருந்து, தானே உருட்டிக்கொண்டு உள்ளே போனான்.

திங்கட்கிழமை காலை பஸ் நிறுத்தத்தில் தயாளினி அவனுக்குப் பக்கத்தில் நின்றாள். பஸ் வந்தது. கொண்டக்டர் அவனைக் கண்டுவிட்டு, "ஆராவது ஒருக்கா ஒரு கை குடுங்கோ" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் இறங்கி வருவதற்கு முன்பே கிருசாந்தன் தன் இரண்டு கைகளையும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.