ஆவட்டும் என்று யாரும் சொல்லவில்லை

பள்ளிக்கூடத்துக்கு வெளியே கிடந்த பாறையில் செவ்வந்தி உட்கார்ந்திருந்தாள். உள்ளே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அவளும் அந்தக் குழுவில் உறுப்பினர்தான். கொட்டாம்பாறையில் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்பதால் படித்தவர் கணக்கில் அவளைச் சேர்த்திருந்தார்கள். ஆனால் இன்றைக்கு அவள் உள்ளே இருக்கக் கூடாது. வேலைக்கு விண்ணப்பம் போட்டவளே உட்கார்ந்து ஆளைத் தேர்ந்தெடுக்க முடியாது என்று தலைமையாசிரியர் குமார் சொல்லிவிட்டார். அதில் அவளுக்குக் கோபமில்லை, அது நியாயம். கோபப்பட வேறு விஷயம் ஏராளமாக இருந்தது.

கொட்டாம்பாறை நடுநிலைப் பள்ளிக்குக் கணக்கு ஆசிரியர் இல்லாமல் இரண்டு வருஷம் ஓடிவிட்டது. கீழேயிருந்து ஒருவரைப் போட்டார்கள். அவர் கரியாலூர் வரைக்கும் வந்து, அதற்கு மேல் பஸ் போகிற பாதையைப் பார்த்து, மருத்துவ விடுப்பில் இறங்கிப் போனவர்தான். எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் கீழே உயர்நிலைப் பள்ளிக்குப் போவார்கள், ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் திறப்பார்கள், பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் திரும்பிப் போக மாட்டார்கள். பையன்கள் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போனார்கள். பெண்களுக்குக் கல்யாணம் ஆனது. இந்த வருஷம் எட்டில் பதினோரு பிள்ளைகள், அதில் ஏழு பெண்கள்.

பள்ளிக்கு எது வேண்டும் என்று இதுவரை யாரும் ஊரைக் கேட்டதில்லை. போன வருஷம் தண்ணீர்த் தொட்டி கேட்டு எழுதிப் போட்டார்கள். கை கழுவுவது எப்படி என்று படம் போட்ட பெரிய பேனர் வந்தது. அதைக் கட்டுவதற்கும் போட்டோ பிடித்து அனுப்புவதற்கும் காசு வந்தது. கை கழுவத் தண்ணீர் வரவில்லை. இந்த வருஷம்தான் முதன்முதலாக, நிரந்தர ஆசிரியர் வரும்வரை ஒரு தற்காலிக ஆசிரியரைக் குழுவே தேர்ந்தெடுக்கலாம் என்று உத்தரவு வந்திருந்தது. அந்த உத்தரவைச் செவ்வந்திதான் வீடு வீடாகப் போய் வாசித்துக் காட்டினாள்.

"அதிகாரம்னு போட்டிருக்கே, அது இன்னாடி?" என்று பெருமாயி கேட்டாள். அவள் பையன் ஆறாம் வகுப்பு.

"நீ சொன்னா நடக்கும்கறது."

"எங்க வூட்லயே நடக்கல" என்று சொல்லிவிட்டுப் பெருமாயி சாமை புடைக்கப் போய்விட்டாள்.

பாறையிலிருந்து ஜன்னல் வழியாக உள்ளே எல்லாம் தெரிந்தது. குழுவின் தலைவி சாலம்மாள். எட்டாவது படிக்கும் மலர்விழியின் அம்மா. அவள் மற்றப் பெண்களோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். தலைவிக்குப் போட்ட நாற்காலியில் ராஜாங்கம் உட்கார்ந்திருந்தார். ஊராட்சித் தலைவி அவர் மனைவி விஜயலட்சுமி; கூட்டங்களுக்கு வருவது மட்டும் அவர். வெள்ளிமலையில் அவருக்கு உரக்கடை. அதோடு அவர் மேஸ்திரி. சாமை அறுப்பு முடிந்ததும் மலையிலிருந்து ஆட்களை ஜீப்பில் ஏற்றிக் கேரளாவில் காபித் தோட்டத்தில் கொண்டுபோய் விடுவது அவர்தான். அவர் ஏற்றாவிட்டால் அந்த வருஷம் அந்த வீட்டுக்கு வெளி வருமானம் கிடையாது.

"நம்ம கவியரசன் தம்பி இருக்கான்" என்றார் ராஜாங்கம். "உளுந்தூர்பேட்ட பையன். எம்.எஸ்சி. படிச்சிருக்கான். மச்சான் புள்ளன்னு சொல்லல, நல்ல புள்ள. அவனையே போட்டுடலாம்னு பாக்கறேன். யாருக்காவது மறுப்பு இருந்தா இப்பவே சொல்லிடுங்கம்மா."

கவியரசனைச் செவ்வந்திக்குத் தெரியும். உளுந்தூர்பேட்டையில் சொந்தமாக டியூஷன் சென்டர் வைத்திருப்பவன், மலைக்கு வாரத்தில் இரண்டு நாள் வந்தால் பெரிது. சம்பளம் மட்டும் மாதாமாதம் அவன் கணக்கில் ஏறும்.

உள்ளே யாரும் பேசவில்லை. பெருமாயி மெட்டியைத் திருகிக்கொண்டிருந்தாள். சாலம்மாள் கை கழுவும் பேனரையே பார்த்தாள். நேரம் போனது. வெளியே சேவல் ஒன்று கத்தி ஓய்ந்தது.

அந்த மௌனத்தின் அர்த்தம் செவ்வந்திக்குத் தெரியும். கொட்டாம்பாறையில் ஊர் கூடி ஒரு பேச்சு வந்தால், மூத்தவர் யாராவது வாய் திறந்து "ஆவட்டும்" என்று சொன்னால்தான் அது ஆனது. பிடிக்காவிட்டால் எதிர்த்துப் பேச மாட்டார்கள். வந்து உட்கார்ந்த ஆளின் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்வது இங்கே வழக்கமில்லை. பேசாமல் இருப்பார்கள். கேட்டவன் புரிந்துகொண்டு எழுந்து போவான். அதன் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்க மாட்டார்கள்.

"அப்ப யாருக்கும் ஆட்சேபணை இல்ல" என்றார் குமார். தியாகதுருகத்துக்காரர், மலைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. தீர்மானப் புத்தகத்தைத் திறந்து எழுதத் தொடங்கினார். கூட்டத்துக்கு வந்த உடனேயே எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியாகிவிட்டது.

குமாருக்குத் தெரியாது, சரி. ராஜாங்கத்துக்குத் தெரியும். இந்த ஊரில் அவர் உட்காராத பஞ்சாயத்து இல்லை. இந்த மௌனத்தின் முன் எத்தனையோ முறை எழுந்து போயிருக்கிறார். அதனால்தான் சம்மதமா என்று கேட்காமல் மறுப்பு இருக்கிறதா என்று கேட்டார். செவ்வந்திக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. எழுந்து நின்றாள். உள்ளே போய்க் கத்தினால் வேலைக்காகக் கத்துகிறாள் என்பார்கள். மறுபடியும் உட்கார்ந்தாள்.

பெண்கள் வெளியே வந்தார்கள். முகங்களில் நிம்மதி. பெருமாயி அவள் தோளில் தட்டினாள்.

"முடிஞ்சிபோச்சி. இனிமே ஒன்ன டீச்சர்னு கூப்புடணுமா, செவ்வந்தின்னே கூப்புடலாமா?"

"இன்னா முடிஞ்சிபோச்சி?"

"மேஸ்திரி கேட்டாரு. ஒருத்தரும் ஆவட்டும்னு சொல்லல. அவரு பேச்சு உழுந்துபோச்சி."

"அங்க சார் குந்தினு எழுதறாரே, அது இன்னான்னு நெனச்சீங்க? எல்லாரும் ஒத்துக்கினாங்கன்னு எழுதறாரு. கவியரசன்தான் வாத்தியாரு."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யார் ஒத்துக்கினது?" என்றாள் சாலம்மாள்.

"நீங்கதான்க்கா. வாய மூடிக்கினு குந்தியிருந்தீங்களே, அதான் ஒத்துக்கினது. கீழ அப்படித்தான்."

"இது கீழ இல்லியே. நம்ம ஊர்ல வந்து நம்மள கேட்டா, நம்ம முறையில கேக்க வாணாமா?"

"கேக்கணும். கேக்கல. இப்ப அந்தப் புத்தகத்த எடுத்துக்கினு பஸ் ஏறப் போறாரு. கரியாலூர் திருப்பத்துல டவர் கெடைக்கும். செல்லுல ஏத்திட்டாருன்னா அப்பறம் அழுதாலும் மாத்த முடியாது."

குமாரும் ராஜாங்கமும் வெளியே வந்து, அவர்களைத் தாண்டி பஸ் நிற்கும் இடத்துக்குப் போனார்கள். பெருமாயி மெதுவாகச் சொன்னாள்: "மூஞ்சிக்கு நேரா எப்படிடீ சொல்றது? அடுத்த வாரம் வண்டி கெளம்புது. அந்தாளு வுட்டுட்டுப் போனா வூட்ல அடுப்பு எரியாது."

அந்தப் பயம் பொய்யில்லை என்று செவ்வந்திக்குத் தெரியும். அவள் அப்பா வேடியப்பன் அதே ஜீப்பில் போய்த்தான் அவளைக் கள்ளக்குறிச்சியில் படிக்க வைத்தார். தெரிந்தும் வாய் நிற்கவில்லை.

"அப்ப வுடுங்க. கவியரசன் வரட்டும், சம்பளம் வாங்கட்டும். உங்க பொண்ணுங்களயும் சேத்து அதே வண்டியில ஏத்தி அனுப்புங்க. மேஸ்திரிக்கு எடம் பத்தலன்னா மடியில குந்த வைங்க."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சாலம்மாள் அவளை நேராகப் பார்த்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு பெருமாயி பின்னால் போனாள். பிறகு மற்றவர்கள்.

வேப்பமரத்தடியில் குமார் பையோடு நின்றிருந்தார். பக்கத்தில் ஜீப்பில் சாய்ந்தபடி ராஜாங்கம் பீடா மென்றுகொண்டிருந்தார். பஸ் வளைவில் ஏறி வரும் சத்தம் கேட்டது.

"சார், கவியரசன போட வாணாம்" என்றாள் சாலம்மாள்.

குமார் திகைத்தார். "கூட்டத்துல யாரும் சொல்லலியேம்மா."

"இப்ப சொல்றேன்."

ராஜாங்கம் சிரித்தார். "இன்னா சாலம்மா, கூட்டம் முடிஞ்சி எல்லாரும் எழுந்து வந்தாச்சி. இப்ப வந்து நிக்கற?"

"தலைவி நானுங்க. முடிஞ்சிதுன்னு நான் சொல்லலியே."

"ஓகோ. யாரு ஏவி வுட்டது? கல்லு மேல குந்தியிருந்துச்சே, அந்தப் பொண்ணா?"

செவ்வந்தி நாலடி தள்ளி நின்றாள். வாயைத் திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் பேசினால் இது அவளுடைய சண்டையாகிவிடும்.

"யாரும் ஏவலீங்க" என்றாள் சாலம்மாள். அவரைப் பார்க்காமல், ஜீப்பின் சக்கரத்தைப் பார்த்துச் சொன்னாள். "நீங்க கேட்டீங்க. நாங்க பேசாம இருந்தோம். அதுக்கு அர்த்தம் ஒங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே எழுத வுட்டுட்டீங்க. அதனால வாயத் தொறந்து சொல்றேன். எங்களுக்கு வாணாம்."

"எனக்கும் வாணாம்" என்றாள் பெருமாயி. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி சொன்னாள். பிறகு இன்னொருத்தி. ஒவ்வொருத்தியும் தரையைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் சொன்னாள். கடைசியில் நின்ற இளம்பெண் மட்டும் அழுதுகொண்டே சொன்னாள். அவள் புருஷன் ஏற்கெனவே மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியிருந்தான்.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர், "சார், ஏறலியா?" என்றார். குமார் ராஜாங்கத்தைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், கையிலிருந்த பையைப் பார்த்தார். இந்த பஸ்ஸை விட்டால் அவர் ராத்திரிக்குப் பள்ளிக்கூடத்தில்தான் படுக்க வேண்டும். அவர் கெட்ட மனிதர் இல்லை. தொந்தரவு வராத பக்கம் சாய்கிற மனிதர். அன்றைக்கு எந்தப் பக்கம் தொந்தரவு குறைவு என்று அவருக்குத் தெரியவில்லை.

"போய்க்கோ" என்று கண்டக்டரிடம் சொன்னார்.

ராஜாங்கம் பீடாவைத் துப்பினார். கோபப்படவில்லை. "நல்லது சார். ஊரு முடிவு. நாம இன்னா சொல்ல முடியும்?" என்று ஜீப்பில் ஏறினார். வண்டியைக் கிளப்பிக்கொண்டே, "சாலம்மா, இந்தத் தபா வண்டியில எடம் கொஞ்சம் கம்மி. செல்லங்கிட்ட சொல்லிடு" என்றார். செல்லன் சாலம்மாளின் புருஷன்.

திரும்பப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். செவ்வந்தி மறுபடி பாறையில் உட்கார்ந்தாள். சாலம்மாள் நாற்காலியில் உட்காரக் கூச்சப்பட்டாள். குமாரே "உக்காருங்கம்மா" என்று சொல்ல வேண்டியிருந்தது. எழுதியதை அடித்துவிட்டுக் கீழே புதிதாக எழுதினார். செவ்வந்தியைப் போடலாமா என்று சாலம்மாள் கேட்டாள். இருந்தவர்களில் மூத்தவள் பெருமாயி. அவள் சத்தமாக "ஆவட்டும்" என்றாள். செவ்வந்தி ஆசைப்பட்டது நடந்துவிட்டது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. மனசு ஜீப் போன பாதையிலேயே இருந்தது.

அடுத்த வாரம் ஜீப் கிளம்பியது. பெருமாயி வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டார்கள். அழுத பெண்ணின் புருஷனை ஏற்றிக்கொண்டார்கள். செல்லனையும் சாலம்மாளையும் மட்டும் விட்டுவிட்டார்கள். ஒரு வீட்டை விட்டாலே ஊருக்குப் புரியும் என்று ராஜாங்கத்துக்குத் தெரியாதா. செல்லன் பொண்டாட்டியோடு பேசுவதை நிறுத்திக்கொண்டான். இரண்டு பேரும் மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டக் கிளம்பினார்கள். காபித் தோட்டத்தில் கிடைப்பதில் பாதிகூட அதில் வராது. கை கிழியும்.

கிளம்பும் அன்று செவ்வந்தி அவர்கள் வாசலில் போய் நின்றாள். படித்த படிப்பில் இதற்கு ஒரு வார்த்தைகூட இல்லை.

"அக்கா, நான் அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"பேசினியா? எனக்கு ஞாபகம் இல்ல" என்றாள் சாலம்மாள், வெட்டுக்கத்தியைச் சாக்கில் சுற்றிக்கொண்டே. "மலர பெரியம்மா வூட்ல வுட்டிருக்கேன். மணியடிச்சிருப்பாங்க, போ."

வகுப்பில் பதினோரு பேரும் இருந்தார்கள். பலகையில் பின்னத்தை எழுதியபோது, பாதிப்பேர் ஐந்தாம் வகுப்பிலேயே நின்றுவிட்டது தெரிந்தது. இரண்டு வருஷத்தை ஒரு வருஷத்துக்குள் தோண்டி எடுக்க வேண்டும். முதல் வாரம் முழுக்க அவள் அதட்டிக்கொண்டே இருந்தாள். இரண்டாவது வாரம் ஒரு காலையில் மலர்விழி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், ஒண்ணு சொல்லவா?"

"சொல்லு."

"நேத்து கரியாலூர் திருப்பத்துக்குப் போயி அம்மாகிட்ட போன்ல பேசினேன். கணக்கு வருதான்னு கேட்டுச்சி. இன்னும் வரலன்னு சொன்னேன். வரலன்னா, அடுத்த கூட்டத்துக்கு வந்து ஒங்களயும் வாணாம்னு சொல்லிடுமாம்."

வகுப்பே சிரித்தது. சொன்ன பிறகு பயந்துபோய் மலர்விழி உட்காரப் பார்த்தாள்.

செவ்வந்தி சிரிக்கவில்லை. மணலூர்பேட்டைக்கும் இந்த மலைக்கும் நடுவில் இருக்கிற தூரத்தையும், கூட்டத்துக்கு வந்தால் போகிற ஒரு நாள் கூலியையும் நினைத்தாள். சாலம்மாள் வருவாள். சந்தேகமே இல்லை.

"வரட்டும். வந்து கேக்கட்டும்" என்றாள். "நீ இப்ப பலகைக்கு வா. நேத்து போட்ட கணக்க மறுபடி போடு."

மலர்விழி வந்து சாக்பீசை எடுத்தாள். இரண்டு வரி சரியாகப் போட்டாள். மூன்றாவது வரியில் தப்பு. செவ்வந்தி பலகையைத் துடைத்துவிட்டு, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.