இரண்டாவது ஹார்ன்

அன்று காலை பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளித்தபோது, பெரியவளின் வாயின் வலது ஓரத்திலிருந்து தண்ணீர் தானாக ஒழுகியது.

"பாருடி குட்டி, கைக்குழந்தை மாதிரி வடியுது" என்று குளியலறைக் கதவைத் திறந்து சொல்லிச் சிரித்தாள். வெளியே தோளில் துண்டோடு தன் முறைக்காக நின்றிருந்த சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவின் முகத்தில் பாதிதான் சிரித்தது. மற்றப் பாதி தூங்குகிற ஆளின் முகம் போல அப்படியே இருந்தது.

"அக்கா, கண்ணாடியைப் பாரு" என்றாள்.

அக்கா, தங்கை இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில் இசை படித்தார்கள். பெரியவளுக்குக் கடைசி ஆண்டு, சின்னவளுக்கு இரண்டாம் ஆண்டு. பல்கலைக்கழகத்துக் காற்றிசைக் குழுவில் இருவருக்கும் இடம் கிடைத்திருந்தது. புல்லாங்குழல், கிளாரினெட், ட்ரம்பெட் என்று ஊதுகிற கருவிகளும் பின்வரிசையில் முரசுகளும் மட்டுமே உள்ள பெரிய குழு அது. வயலின்காரர்களுக்கு அங்கே வேலை இல்லை. இவர்கள் இருவரும் வாசித்தது ஹார்ன். நத்தை போலச் சுருண்ட பித்தளைக் குழாய், வாய் அகன்று மடியில் உட்கார்ந்திருக்கும். "ஹார்ன்னா, லாரியில அடிப்பானே, அதா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது, அவர்களுடைய அம்மா தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "அதேதான். லாரி ஒண்ணுதான் இன்னும் வாங்கலை" என்று சொல்லியிருக்கிறாள்.

பெரியவள் முதல் ஹார்ன். பக்கத்து நாற்காலியில் சின்னவள், இரண்டாவது ஹார்ன். சின்னவள் எந்த இசையிலும் தான் சும்மா இருக்க வேண்டிய இடங்களில் தாளத்தை எண்ணியதே கிடையாது. அக்கா எண்ணுவாள். அக்கா மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டதும் இவளும் இழுப்பாள், இருவரும் ஒன்றாகத் தொடங்குவார்கள். பள்ளிக்கூடத்து நாளிலிருந்தே அப்படித்தான். கேட்பவர்கள் ஒரே ஆள் வாசிப்பதாக நினைப்பார்கள். சின்னவளுக்கு அதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை.

முகத்து நரம்பு வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்தார். முக்கால்வாசிப் பேருக்கு மேல் சில வாரங்களில் பழையபடி ஆகிவிடும், ஒரு சிலருக்குத்தான் முழுசாக வராது என்றார்.

"அந்த ஒரு சிலர் யாருங்க டாக்டர்?" என்று அம்மா கேட்டாள்.

"அதை இப்பவே எப்படிம்மா சொல்றது?"

பெரியவளுக்கு வலது கண் மூடவில்லை. படுக்கும்போது இமையை இழுத்து மேலே ஒட்டுப்பட்டை போட வேண்டியிருந்தது. உதட்டைச் சேர்த்துச் சொல்கிற எழுத்தெல்லாம் காற்றாகப் போனது. 'அம்மா' என்று கூப்பிட்டால் அது 'அவ்வா' என்று வந்தது. அம்மா மிஷினில் உட்காருவதற்கு முன் தினமும் காலையில் மகளின் கன்னத்தை விரல் நுனியால் நீவிவிடுவாள். துணியில் சுருக்கம் எடுக்கிற அதே விரல்கள். "ஆ சொல்லு. ஈ சொல்லு. ஊ சொல்லு." ஊ என்று உதட்டைக் குவித்தால் அது இடது பக்கமாக ஓடிப்போய் ஒதுங்கிக்கொள்ளும். அம்மா சட்டென்று சமையலறைக்குப் போய் எதையாவது உருட்டுவாள்.

வாரங்கள் போயின. பேச்சு தெளிந்தது. கண் ஓரளவு மூடியது, ஆனால் அதிலிருந்து எந்நேரமும் நீர் வடிந்துகொண்டே இருந்தது. தெருவில் பார்ப்பவர்களுக்கு இப்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் ஹார்னின் வாய்முனை ஒரு விரல் நுழைகிற அளவுதான். அதில் உதட்டை வைத்து, இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்து, நடுவில் மட்டும் துடிக்கவிட வேண்டும். வலது பக்கம் பிடிக்கவில்லை. பயிற்சி அறைக் கதவுக்கு வெளியே நின்ற சின்னவளுக்குக் கேட்டதெல்லாம் சைக்கிள் டியூபில் ஓட்டை விழுந்த சத்தம். கதவு திறந்து வெளியே வந்த அக்கா, "இன்னைக்குக் கொஞ்சம் பரவாயில்லை" என்பாள். சின்னவளும், "ஆமாக்கா, எனக்கே கேட்டுச்சு" என்பாள். வீடு வரைக்கும் இருவரும் வேறு எதையாவது பேசிக்கொண்டு போவார்கள்.

அந்தப் பருவத்துக் கடைசிக் கச்சேரியில் ஒரு நீண்ட இசை இருந்தது. அதன் நடுப்பகுதி மெதுவானது. குழு முழுவதும் அமைதியாக இருக்க, ஒற்றை ஹார்ன் மட்டும் தொடங்கி, மெல்ல மெல்ல ஏறி, மேலே ஒரு ஸ்வரத்தில் போய் நிற்கும். ஆண்டுத் தொடக்கத்திலேயே அது பெரியவளுக்கு என்று முடிவானது. குழுவை நடத்திய பேராசிரியை காத்திருக்கக்கூடிய வரைக்கும் காத்திருந்தார். பிறகு முதல் ஹார்ன் நாற்காலிக்குத் தேர்வு வைப்பதாக அறிவித்தார். போட்டிக்கு இருந்தது இரண்டே பேர். ஒன்று சின்னவள். இன்னொன்று முதலாம் ஆண்டுப் பையன். அவன் உயரத்துக்கு எல்லோரும் நெட்டை என்றே கூப்பிட்டார்கள். அவனே, "நான் சும்மா ஆள் கணக்குக்குத்தான் வந்தேன், நாற்காலி உங்களுக்குத்தான்" என்று சின்னவளிடம் சொன்னான்.

யார் வாசிக்கிறார்கள் என்று தெரியாமல் இருக்க நடுவில் திரை போட்டிருந்தார்கள். சின்னவள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அந்தத் தனிப் பகுதியைத் தொடங்கினாள். நன்றாகத்தான் போனது. மேல் ஸ்வரத்துக்கு ஏறும்போது அக்காவின் நாற்காலி கண்ணுக்குள் வந்தது. அதில் தான் உட்காருவதும், பக்கத்தில் அக்கா இல்லாததும் வந்தது. அவள் உதட்டைத் தளர்த்திவிட்டாள். ஸ்வரம் உடைந்து சிதறியது. மறுபடி முயலச் சொன்னார்கள். மறுபடியும் உடைத்தாள்.

நாற்காலி நெட்டைக்குப் போனது.

வெளியே நடைவழியில் பெரியவள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். அவள் வந்திருப்பதே சின்னவளுக்குத் தெரியாது.

"அந்த ஸ்வரம் உனக்கு ஒரு நாளும் தப்பாதே" என்றாள்.

"பதட்டமா இருந்துச்சுக்கா."

"ரெண்டு தடவையுமா?"

சின்னவள் ஹார்ன் பெட்டியின் கொக்கியைத் திறந்து மறுபடி மூடினாள்.

"எனக்கு முகம்தாண்டி கோணிச்சு. காது நல்லாத்தான் இருக்கு" என்றாள் பெரியவள். "என்ன நினைச்ச? நாற்காலியைக் காலியா வச்சிருந்தா நான் வந்து உக்காந்துடுவேன்னா? எனக்குப் பிச்சை போடுறியா?"

"அப்படி இல்லக்கா..."

"என்கிட்ட பேசாத."

அதோடு பேச்சு நின்றது. ஒரே அறையில் எதிரெதிர்க் கட்டில். ஒருத்தி விளக்கை அணைத்தால் இன்னொருத்தி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பாள். சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றால்கூட அம்மா வழியாகத்தான் கேட்டார்கள். "ஒரு முகத்தை நீவி நீவி என் விரல் தேயுது, இப்ப இன்னொண்ணையும் தூக்கி வச்சுக்கிட்டீங்களா?" என்று அம்மா புலம்பினாள். நடந்தது இன்னதென்று இருவருமே சொல்லவில்லை.

கடைசி ஆண்டுக்காரர்கள் குழுவை நடத்தவும் கற்க வேண்டும் என்பது பாடத்திட்டம். பெரியவள் அந்த வகுப்பைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தாள். இப்போது பேராசிரியை அவளைக் கூப்பிட்டு, இனியும் தள்ள முடியாது என்று சொன்னதோடு, மேற்படிப்பில் குழு நடத்துகிற கண்டக்டர் பயிற்சிக்கு வருஷத்துக்கு ஒரே ஓர் இடம் இருக்கிறது, அதற்கும் முயற்சி செய்து பார் என்றார். அம்மாவுக்குச் சந்தோஷம். தைக்கக் கொடுக்க வந்தவர்களிடமெல்லாம், "மூத்தவ கண்டக்டருக்குப் படிக்கிறா" என்றாள். "நல்லதாப் போச்சு. எந்த ரூட்டு பஸ்ஸு?" என்று கேட்டாளாம் ஒருத்தி. அன்றைக்குத்தான் பெரியவள் பல நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த வேகத்தில் கையால் வலது கன்னத்தை மறைத்துக்கொண்டாள்.

பயிற்சிக்காக, வாரம் ஒரு முறை குழு முழுவதும் நடத்தக் கற்கிற மாணவர்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து வாசிக்கும். உயிருள்ள குழுவின் முன்னால் நின்று தப்புச் செய்துதான் இந்த வேலையைக் கற்க முடியும் என்பார் பேராசிரியை. முதல் நாள் பெரியவள் மேடையேறித் தாளம் காட்டும் கோலைத் தூக்கியதும் அவர் கீழிருந்து, "கை தாளத்தைச் சொல்லட்டும்மா. உனக்கு என்ன வேணுங்கிறதை முகம் கேக்கட்டும்" என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு, சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பாதி முகம் கேட்டா பாதிதான் குடுப்பாங்களா மேடம்?" என்றாள் பெரியவள்.

குழுவில் யாருக்கும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவளே முதலில் சிரித்துக்காட்டிவிட்டுத் தொடங்கினாள்.

கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தினாள். "ரெண்டாவது ஹார்ன், நீங்க லேட்டா வர்றீங்க."

மறுபடி தொடங்கினாள். மறுபடி நிறுத்தினாள்.

"ரெண்டாவது ஹார்ன், எண்ணுறீங்களா இல்லையா?"

அந்த 'நீங்க' சின்னவளைக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. பிறந்ததிலிருந்து அந்த வாயிலிருந்து 'டி'யைத் தவிர வேறெதையும் கேட்டவளில்லை. நெட்டை மூச்சை எப்போது இழுக்கிறான் என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை. அடுத்த முறை அவள் தொடையில் விரலைத் தட்டித் தட்டி எண்ணினாள். சரியாக நுழைந்தாள். பெரியவள் தலையை அசைத்துவிட்டுக் கிளாரினெட் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சின்னவள் வெடித்தாள். "அதை வீட்டுலயே சொல்லியிருக்கலாமில்ல? எல்லார் முன்னாடியும் வச்சுத்தான் சொல்லணுமா?"

"வீட்டுல நான் உன் அக்கா. சொன்னா அழுவ. அங்க நீ எனக்கு ரெண்டாவது ஹார்ன்" என்றாள் பெரியவள். கொஞ்ச நேரம் கழித்து, "இத்தனை வருஷம் உன்னை எண்ண விடாம நானே எண்ணிட்டேன். என் தப்பும்தான்" என்றாள். அதன் பிறகு உப்பை நேராகவே கேட்டுக்கொண்டார்கள். ஆனாலும் பழைய பேச்சு திரும்பவில்லை. பேசுவதற்கு முன் இருவருமே ஒரு கணம் யோசித்தார்கள்.

தேர்வு நாள் நெருங்கியது. ஒவ்வொரு மாணவரும் ஒரு பகுதியை நடத்த வேண்டும். வெளியிலிருந்தும் தேர்வாளர்கள் வருவார்கள். மேற்படிப்பு இடத்தையும் அதை வைத்தே முடிவு செய்வார்கள். பெரியவள் அந்த மெதுவான பகுதியை எடுத்துக்கொண்டாள். நெட்டையிடம் போய், ஒரு நாளைக்கு மட்டும் நாற்காலியை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். "தாராளமா. அந்த மேல் ஸ்வரம் கனவுல எல்லாம் வந்து மிரட்டுது" என்றான் அவன்.

அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே சின்னவளிடம் சொன்னாள்: "தேர்வுல நீதான் முதல் ஹார்ன். வேணும்னு தப்பா வாசிச்சேன்னு வை, கொன்னே போட்டுடுவேன்."

சின்னவள் தலையாட்டினாள்.

அரங்கில் தேர்வாளர்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவள் கையைத் தூக்கினாள். குழு முழுவதும் அசையாமல் இருந்தது. அவள் மூச்சை இழுத்தாள்; சின்னவளும் இழுத்தாள். ஹார்ன் தொடங்கியது. அவசரமில்லாமல், படிப்படியாக ஏறியது. சின்னவள் தாளைப் பார்க்கவில்லை, மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேல் ஸ்வரம் வரும் இடத்தில் அக்காவின் உதடு தன்னையறியாமல் இறுகுவதைப் பார்த்தாள். தானே வாசிப்பது போல, இடது ஓரம் இறுகி உள்ளே இழுத்துக்கொண்டது. வலது ஓரம் இருந்தபடியே தொங்கியது. சின்னவள் அந்த ஸ்வரத்தைத் தொட்டு, நின்று, அக்காவின் கை தாழும் வரைக்கும் விடாமல் பிடித்திருந்தாள்.

பெரியவளின் வலது கண்ணிலிருந்து வடிவதை யாரும் கவனிக்கவில்லை, அது எப்போதும் வடிவதுதான். இடது கண்ணிலும் வடிந்தது. அது சின்னவளுக்கு மட்டும் தெரிந்தது. பிறகு கிளாரினெட்டுகள் சேர்ந்துகொண்டன, பெரியவள் அவர்கள் பக்கம் திரும்பினாள்.

இடம் அவளுக்குக் கிடைக்கவில்லை. பல வருஷம் பள்ளிக்கூடக் குழு நடத்திவிட்டு வந்த ஒருவருக்குப் போனது. "உன் காது மாதிரி காது நான் அதிகம் பார்த்ததில்லைம்மா. ஆனா உனக்குன்னு ஒரு குழு வேணும். தினமும் நின்னு பழகிட்டு வா, மறுபடி பார்க்கலாம்" என்றார் பேராசிரியை. அது ஆறுதலுக்குச் சொன்னதா நிஜமா என்று பெரியவள் துருவிக் கேட்கவில்லை. வேறோர் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. ஒத்துக்கொண்டாள்.

ஹார்ன் பல்கலைக்கழகத்துடையது. போவதற்கு முந்திய வாரம் அதைக் கழுவி, வால்வுகளுக்கு எண்ணெய் விட்டு, துடைத்து எடுத்துப் போனாள். சின்னவளும் கூடப் போனாள். கருவிக் கிடங்குக்காரர் பெட்டியைத் திறந்து திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா வச்சிருக்கீங்க. அடி, நசுங்கல் ஒண்ணுமில்லை. சத்தம் சரியா வருதுல்ல?"

"வருதுங்க" என்றாள் பெரியவள்.

வெளியே வந்து வெகு தூரம் நடந்த பிறகு, "கடைசியா ஒரு தடவை ஊதிப் பார்க்கட்டுமான்னு கேக்கலாம்னு இருந்தேன்" என்றாள்.

"கேட்டிருக்கலாமேக்கா."

"கேட்டு? அந்தாளு முன்னாடி புஸ்ஸுன்னு காத்து விடவா?"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்ததும் சின்னவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியவள் விடுவித்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஆண்டுத் தேர்வில் சின்னவள் அந்த ஸ்வரத்தை உடைக்காமல் வாசித்து முதல் நாற்காலிக்குப் போனாள். அம்மா அன்றைக்கே பெரியவளுக்கு போன் போட்டுச் சொல்லச் சொன்னாள். பெரியவள், "அப்பாடா, இப்பவாவது புத்தி வந்துச்சே" என்றாள். தன் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னாள். பிள்ளைகள் வாயிலிருந்து கருவியை எடுத்தால் பேச்சு நிற்காது, கருவியை வைத்தால் மூச்சு நிற்காது, முரசுக்காரன் இருக்கிற வேகத்தில் மற்றவர்கள் பின்னால் ஓட வேண்டியிருக்கிறது என்றாள்.

"ஹார்ன் யாருக்கா வாசிக்கிறாங்க?" என்று கேட்டாள் சின்னவள்.



"இங்க ஹார்ன் கிடையாதுடி. வாங்கித் தரோம், எத்தனை வேணும்னு கேட்டாங்க. நான்தான் இந்த வருஷம் வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"ஏன்க்கா?"

"பார்க்கலாம். அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றாள் பெரியவள். "அம்மா இருக்காளா? அம்மாகிட்ட குடு."

சின்னவள் போனை அம்மாவிடம் நீட்டினாள். அம்மா மிஷினை நிறுத்திவிட்டு, போனைக் காதில் வைத்து, முதல் கேள்வியாக, "இன்னைக்கு முகத்தை நீவிவிட்டியா?" என்று கேட்டாள்.