சுவரில் தங்காத போர்வை

லிஃப்ட்காரர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த ஒட்டுத்துணிப் போர்வை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகாலுக்குச் சுவரைவிட்டு இறங்கி, தன்னைத்தானே நான்காக மடித்துக்கொண்டு, மூன்று மாடிப் படிகளையும் கடந்து, தெருமுனையில் காய்ச்சலில் சுருண்டு கிடந்த தபால்காரர்மேல் விரிந்தது. மாலையில் அது திரும்பி வந்தபோது தைல வாசனை அடித்தது. தபால்காரர் வியாழக்கிழமை வேலைக்குப் போனார்.

அந்தப் போர்வை வந்த வரலாறு இதுதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு குளிர்பதனக் கிடங்கொன்றில் லிஃப்டைப் பழுதுபார்க்கப் போன லிஃப்ட்காரர், அதன் அடிக்குழியில் பதினொரு மணிநேரம் சிக்கிக்கொண்டார். ஆள் வெளியே வந்தபோது குளிரும் கூடவே வந்துவிட்டது. அவர் கையில் கொடுத்த வெந்நீர் மூன்று மூச்சுக்குள் ஜில்லிட்டது. மருத்துவர்கள் கையை விரித்தார்கள். அவருடைய மனைவி வேலைபார்த்த திரைச்சீலைத் தையற்கூடத்துப் பெண்கள் எட்டுப்பேர், சாப்பாட்டு வேளையில் பாதியை விட்டுக்கொடுத்து, வெட்டித் தள்ளிய துண்டுகளை இணைத்துத் தைத்து, ஆறே நாளில் போர்வையாக்கி அனுப்பினார்கள். அதன்கீழ்ப் படுத்த பதினான்காம் நாள் அவருக்கு வியர்த்தது. மனைவி அந்த வியர்வையைத் துடைக்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

உயிர் தந்த பொருளைக் காலடியில் போட்டுவைப்பது நன்றிகெட்ட செயல் என்று கருதி, அதைச் சுவரில் மாட்ட முடிவுசெய்தார் லிஃப்ட்காரர். லிஃப்ட்களோடே பழகிய அவருக்கு, தொங்கும் பொருளைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க ஊரில் ஆளில்லை. இரு மூலைகளிலும் ஆணி அடித்தார், நடுவில் தொய்ந்தது. மரக்கவ்விகள் போட்டார்; துணியில் பல் பதிந்தது. வெல்க்ரோ பட்டை தைத்து ஒட்டினார்; அது கச்சிதமாக நின்றது. தபால்காரர் விழுந்த அன்று அந்தப் பட்டை உரிந்த சத்தம்தான் கீழ்த்தளம்வரை கேட்டது. பிறகு செருப்புக்கடைக்காரரின் இருமலுக்கு ஒருமுறை, எதிர்வீட்டு வாத்தியாரின் நடுக்கத்துக்கு இருமுறை எனப் போர்வை போய்ப்போய் வந்தது. போகும்போதெல்லாம் லிஃப்ட்காரர் அது திரும்பும்வரை படிவாசலிலேயே நின்றார். அது திரும்பாத நாளில் பழைய குளிர் தன்னைத் தேடிவரும் என்று உறுதியாக நம்பிய அவர், கண்ணாடிச் சட்டம் செய்து, போர்வையை உள்ளே வைத்து, எட்டு போல்ட்டுகளை முறுக்கினார்.

"இனி அசையாது," என்றார்.

"அசையாத லிஃப்டுக்கு என்ன பேருங்க?" என்று கேட்டாள் மனைவி. அவர் எட்டாவது போல்ட்டை இன்னொரு சுற்று முறுக்கினார்.

மூன்றாம் வாரம் கீழ்வீட்டு பஸ் டிரைவரின் மனைவிக்குப் பிள்ளை பிறந்து, கூடவே குளிர்காய்ச்சலும் கண்டது. மூன்று நாள் போர்வை கண்ணாடியில் மோதிக்கொண்டிருந்தது. கண்ணாடி வியர்த்தது. மூன்றாம் நாள் நண்பகலில் மேல்வரிசைத் தையல் பிரியத் தொடங்கியது.

"உங்களுக்காக எட்டுப் பேரும் சோத்தைப் பாதியில வெச்சுட்டுத் தைச்சாங்க. அவங்க யாரும் பூட்டிப் போட்டுத் தரலை," என்றாள் மனைவி.

"திரும்பி வரலைன்னா?"

"வரலைன்னா அவங்க இருக்காங்க, நான் இருக்கேன், ஊசியும் இருக்கு. கழட்டுங்க."

அவரே ஸ்பேனரை எடுத்தார். எட்டாவது போல்ட் கழன்றதும் போர்வை அவர் தோளை உரசிக்கொண்டு படியிறங்கிப் போனது. வெந்நீர் டம்ளரை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு அவர் அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஆவி நிற்கவில்லை. நெடுநேரம் கழித்து ஒரு வாய் குடித்தார், நாக்கு சுட்டது. அவ்வளவு சந்தோஷமாக யாரும் நாக்கைச் சுட்டுக்கொண்டதில்லை என்று மனைவி மறுநாள் தையற்கூடத்தில் சொன்னாள்.

குழந்தையின் தாய் தேறி, போர்வை திரும்பிவந்த ஞாயிற்றுக்கிழமை அந்த எட்டுப்பேரும் வந்தார்கள். பிரிந்த தையலைச் சேர்த்தார்கள். போர்வையின் முதுகில், மேல்விளிம்பையொட்டி, நீளத் துணியுறை ஒன்றை ஆளுக்கு ஒரு சாண் வீதம் தைத்தார்கள். ஊசி பின்துணியை மட்டுமே பிடித்தது, முன்பக்கம் ஒரு தையல்கூடத் தெரியவில்லை. உறைக்குள் லிஃப்ட்காரர் இழைத்த மரக்கழி நுழைந்தது. பாரம் நீளம் முழுவதும் பகிர்ந்துகொள்ளப்பட்டதால் எந்த இடமும் இழுபடவில்லை. கழியின் ஒரு முனையில் மட்டும் குமிழ் இருந்தது.

"தம்பி, இந்தப் பக்கம் குமிழை மறந்துட்டீங்களே," என்றாள் மூத்த தையற்காரி.

"மறக்கலக்கா. அது வாசல்."

இப்போதும் அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் பல நாட்களில் வெறும் கழியைத்தான் பார்க்கிறார்கள். அதன்கீழ்ச் சுவர் கதகதப்பாக இருப்பதால் அங்கேயே முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்கிறார்கள். போர்வை எப்படிப் போயிற்று என்று எவரும் கேட்பதில்லை. யாருக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் விசாரிக்கிறார்கள்.