அக்கா வீட்டுக்குப் போன கன்னம்

எங்கள் ஊரில் ஆண்களின் இரண்டு கன்னங்களும் தனித்தனியாகத்தான் முடிவெடுக்கும். மீசை அரும்பியதும் ஒருநாள் காலையில் கண்ணாடி முன் நின்று கேட்டுவிட வேண்டும்: மெஷினா, பிளேடா? பெரும்பாலும் இரண்டும் ஒரே பதிலைச் சொல்லிவிடும். என் அப்பாவுக்கு இரண்டும் பிளேடு. அடுத்த வீட்டு இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்கு இரண்டும் மெஷின். எனக்கு மட்டும் இடது கன்னம் மெஷின் என்றது, வலது கன்னம் பிளேடு என்றது.

இதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. காலையில் முதலில் இடது பக்கம் மெஷினை ஓட்டுவேன். அது கூச்சம் தாங்காமல் கிக்கிக்கென்று சிரிக்கும். பிறகு வலது பக்கத்துக்கு வெந்நீர், சோப்புக் கிண்ணம், பிரஷ். நுரையைப் பொங்கப் பொங்கப் பூசி பிளேடை இழுத்தால் சுகமாகப் பெருமூச்சு விடும். முடிந்ததும் தலைக்குக் குளிக்க வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் அதன் மேல் கையே வைக்கக் கூடாது. ஆசாரமான கன்னம், வேறென்ன செய்ய?

நான் குடிநீர் வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிறவன். உலகேஸ்வரி ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். அவள் வீட்டு மீட்டரைப் பார்க்கப் போய்த்தான் அவளைப் பார்த்தேன். இரண்டு வருஷம் நடையாய் நடந்து, அவள் அப்பா சுடலைமுத்து மாமா ஒருவழியாகத் தலையாட்டி, ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை முகூர்த்தம் என்று பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

முகூர்த்தத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாமா வீட்டில் விருந்து. இடது கன்னம் பளபளவென்று இருந்தது. வலது கன்னத்தில் ஒரு நாள் முடி. அப்போதுதான் இடது கன்னம் நைசாக ஆரம்பித்தது.

"மெஷின்லாம் சவரத்துல சேராதுடே. தண்ணி உண்டா? பிளேடு உண்டா? என்னைச் சிரைச்சிட்டு என்னைக்காவது நீ குளிச்சிருக்கியா?"

யோசித்துப் பார்த்தேன், நியாயமாகத்தான் பட்டது. வலது கன்னத்தில் மெஷினை ஒரே ஓட்டாக ஓட்டிவிட்டேன். அது விறைத்துக்கொண்டது. விருந்தில் வைத்த அதிரசத்தைக்கூட என் பக்கம் ஒதுக்காதே என்று இருந்துவிட்டது.

மறுநாள் விடிந்து பார்த்தால் வலது கன்னத்தைக் காணவில்லை. எட்டு மணிக்குக் கோவில்பட்டியிலிருந்து என் உடன்பிறந்த பேச்சியக்கா போன் செய்தாள்.

"எலே, ஒன் கன்னம் மொத பஸ்ஸுல இங்க வந்து இறங்கிருக்கு. மூணு இட்லி தின்னுட்டு உக்காந்திருக்கு. என்னல செஞ்ச அதை?"

"மெஷின் போட்டேங்கா."

"வெள்ளிக்கிழமையா?"

"ஆமா."

"வெளங்கும்," என்று போனை வைத்துவிட்டாள்.

ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு கோவில்பட்டிக்குப் போனேன். கன்னம் இல்லாத இடத்தில் ஜன்னலோரக் காற்று ஜிலுஜிலுவென்று அடித்தது. வழியில் டீ குடிக்க இடப்பக்கமாகச் சாய வேண்டியிருந்தது. அக்கா வீட்டில் வலது கன்னம் பிளாஸ்டிக் நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. தெரியாமல் செய்துவிட்டேன் என்றேன், திரும்பவில்லை. இனி ஜென்மத்துக்கும் செய்யமாட்டேன் என்றேன், அப்போதும் திரும்பவில்லை. கொஞ்சம் இளகுவது போலத் தெரிந்த நேரத்தில் இடது கன்னம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "காலம் மாறிப்போச்சு, நீயும் மாறு," என்றது. எடுத்த முயற்சியெல்லாம் பாழ். வெறுங்கையோடு, அரை முகத்தோடு ஊர் திரும்பினேன்.

சுடலைமுத்து மாமா என்னைச் சுற்றிவந்து ஒருமுறை பார்த்தார்.

"நலங்குக்கு ரெண்டு கன்னம் வேணும் மாப்ளே. ஒண்ணுல சந்தனம் பூசிட்டு இன்னொண்ணுக்கு எங்க போறது? வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா தைக்குத் தள்ளிருவோம்."

தைக்கு! இரண்டு வருஷம் பொறுத்தவன்தான், ஆனால் இன்னும் மூன்று மாசம் என்றதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இடது கண்ணில் வந்தது கன்னத்தில் வழிந்தது. வலது கண்ணில் வந்தது நேராகச் சட்டையில் விழுந்தது. உலகேஸ்வரிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"இதுக்கா அழுதீக? நான் போய்ப் பேசுதேன்."

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் கடையில் ஒரு பிரஷும் சோப்புக் கிண்ணமும் வாங்கிக்கொண்டு நேரே கோவில்பட்டிக்குப் போனாளாம். அவள் அதுவரை யாருக்கும் சவரம் செய்ததில்லை. வெந்நீர் வாங்கி, நுரையைக் குழைத்து, வலது கன்னத்தில் மெதுவாகப் பூசிக்கொண்டே இருந்தாளாம். பிளேடைத் தொடவில்லை. நுரை காய்ந்தால் துடைத்துவிட்டு மறுபடி பூசினாளாம். இதெல்லாம் பேச்சியக்கா சொன்னது. இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அக்காவுக்கும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மண்டபத்துக்குப் போனால் முதல் வரிசை நாற்காலியில் வலது கன்னம் உட்கார்ந்திருந்தது. கமகமவென்று சோப்பு வாசம். முந்தின நாள் பேச்சியக்காவின் வீட்டுக்காரர் முறைப்படி பிளேடு போட்டுக் குளிப்பாட்டிக் கூட்டிவந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, மறுபேச்சுப் பேசாமல் தன் இடத்தில் ஏறிக்கொண்டது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அதற்கு ஒரு முத்தம் கொடுக்கலாம் என்று பார்த்தேன், வாய் எட்டவில்லை. அத்தைமார் இரண்டு பக்கமும் சந்தனத்தை அப்பினார்கள். கெட்டிமேளம் முழங்கியது. முதல் முடிச்சை நான் போட, மற்ற இரண்டையும் பேச்சியக்கா போட்டாள்.

நிமிர்ந்து பார்த்தபோது என் வலது கன்னம் உலகேஸ்வரியின் முகத்தில் இருந்தது. அவளுடைய வலது கன்னம் குழியோடு என்னிடம் வந்திருந்தது.

சுடலைமுத்து மாமா விரல்விட்டு எண்ணினார். "நாலு இருக்கு. சரிதான்," என்று பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார். போட்டோக்காரர் எங்களைக் கொஞ்சம் நெருங்கி நிற்கச் சொன்னார்.

இப்போதெல்லாம் காலையில் ஒரே கண்ணாடி முன் நிற்கிறோம். நான் இடது பக்கம் மெஷினை ஓட்டுகிறேன், அது வழக்கம்போல் சிரிக்கிறது. அவள் தன் வலது பக்கம் நுரை பூசிப் பாட்டுப் பாடிக்கொண்டே பிளேடு போடுகிறாள். செவ்வாயும் வெள்ளியும் தொடுவதில்லை. சமயத்தில் நுரையை என் மூக்கில் தடவிவிட்டு ஓடுவாள். இருபது நிமிஷத்தில் முடிகிற வேலை இப்போது முக்கால் மணி நேரம் ஆகிறது, ஆகட்டுமே.

என்னிடம் வந்த அவளுடைய வலது கன்னத்துக்குச் சவரமே கிடையாது. வெள்ளிக்கிழமை காலையில் மஞ்சள் பூசினால் போதும். கிழங்கைக் கல்லில் உரசிப் பூசிக்கொண்டு மீட்டர் பார்க்கப் போவேன். குழி விழ நான் சிரித்தால், வீடுகளில் மோர் கொடுக்கிறார்கள்.

நேற்று வெள்ளிக்கிழமை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று பாக்கெட் மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்துப் பூசிவிட்டேன். இதுவும் மஞ்சள்தானே என்று சொன்னது இடது கன்னம்தான்.

இன்று காலை மாமா போன் செய்தார். கன்னம் வந்து சேர்ந்துவிட்டதாம், காபி குடித்துக்கொண்டிருக்கிறதாம். பிறந்த வீடுதானே, இரண்டு நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று சொல்லிவிட்டு, கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.